பழைய வீட்டை விற்பவரின் பணம் எங்கே போகிறது?

ஒரு வீடு கைமாறும்போது அதில் கை வைக்கிற எல்லோருக்கும் ஏதாவது ஒரு பதிவோ பொறுப்போ இருக்கிறது. பத்திரம் எழுதுபவர் பதிவுத்துறையிடம் உரிமம் பெற்றவர். சட்டக் கருத்து சொல்லும் வழக்கறிஞர் பார் கவுன்சிலில் பதிந்தவர். வங்கிக் கடனுக்கு மதிப்பீடு தரும் பொறியாளர் வங்கியின் பட்டியலில் இருப்பவர். சார்பதிவாளர் அரசு ஊழியர். இவர்கள் எல்லோருக்கும் முன்பாக, வீட்டுக்காரரிடம் பத்திர நகலையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, அவர் மனதில் இருக்கும் கடைசி விலையையும் கேட்டுக்கொண்டு போகிறவர் தரகர். பழைய வீட்டை விற்றுத்தரும் தரகருக்குத் தமிழ்நாட்டில் உரிமம் தேவையில்லை, தேர்வு இல்லை, பதிவு எண் இல்லை. அவர் மீது புகார் என்றால் போய் நிற்பதற்கென்று தனி அலுவலகமும் இல்லை.

இந்த ஓட்டை எத்தனை பெரியது என்பதை என் அத்தையின் வீட்டு விற்பனையில் அருகிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு வழக்கறிஞர்கள், பத்திர எழுத்தர்கள், நேர்மையாகத் தொழில் செய்யும் தரகர்கள் என்று பலரிடம் பேசினேன். அத்தைக்கு நடந்தது விதிவிலக்கு இல்லை என்று அவர்கள் எல்லோருமே சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு கிரவுண்டு மனையில் 1984இல் கட்டிய வீடு. அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா காலமாகிவிட்டார். மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். முழங்கால் வலி வந்த பிறகு தனியாக இருக்க முடியவில்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, இந்த வீட்டை விற்கலாம் என்று முடிவு செய்தார். அந்தப் பகுதியில் பதினைந்து வருடமாகத் தரகு செய்கிற ஒருவரை, கோயிலில் பார்த்துப் பழகியவர் என்பதால், வீட்டுக்கு வரச் சொன்னார்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். டேப் பிடித்து அளந்தார், மொபைலில் படம் எடுத்தார், தாய்ப்பத்திரம் முதல் சொத்துவரி ரசீது வரை ஜெராக்ஸ் கேட்டார். பிறகு காபி குடித்தபடியே இரண்டு கேள்வி கேட்டார். “எதுக்கும்மா விக்கறீங்க? எப்போ வரைக்கும் டைம் இருக்கு?” அத்தை ஒளிவு மறைவு தெரியாதவர். கோயம்புத்தூர் வீட்டுக்குத் தை மாதத்துக்குள் மீதிப் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வட்டி ஏறும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், ஒரு கோடியே 70 லட்சம் எதிர்பார்க்கிறேன், ஆனால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த வீட்டின் பேரம் அந்தக் காபியோடு முடிந்துபோனது. பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தகவலைக் காசாக்கும் வேலைதான்.

தரகுத் தொழிலின் முதலீடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். கடை வேண்டாம், சரக்கு வேண்டாம். விற்பவருக்கு எவ்வளவு அவசரம், வாங்குபவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்கிற இரண்டு செய்திகள்தான் முதலீடு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அடுத்தவர் மனதில் இருப்பது தெரியாது. நேர்மையான தரகர் இந்த இரண்டையும் மெல்ல மெல்ல நெருங்கவைத்து, இரண்டு பக்கமும் ஒரு சதவிகிதமோ இரண்டு சதவிகிதமோ கமிஷன் வாங்கிக்கொண்டு போகிறார். மற்றவர் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தனதாக்கிக்கொள்கிறார். தொழிலில் இதற்கு ‘மேல வெச்சு விக்கறது’ என்று பெயர்.

முதல் சில வாரம் யாரும் வரவில்லை. “மார்க்கெட் டல்லா இருக்கும்மா. எல்லாரும் அபார்ட்மென்ட்தான் கேக்கறாங்க. பழைய வீடுன்னா மனை ரேட்தான் பேசுவாங்க, இடிக்கற செலவையும் கழிப்பாங்க” என்றார் தரகர். பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் ஒரே மாதிரிதான் பேசினார்கள். ஒருவர் தெருக்குத்து என்றார். இன்னொருவர் கிணறு இருக்கும் மூலை வாஸ்துவுக்கு ஆகாது என்றார். மூன்றாமவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு இதற்கு ஒன்று நாற்பதுக்கு மேல் கொடுக்க முடியாது என்று சொல்லிப் போனார். வாஸ்து சொன்னவர் அதே பகுதியில் வாடகை வீடு பிடித்துத்தரும் இன்னொரு தரகரின் ஆள் என்று பின்னால் தெரிந்தது. வாங்குகிற எண்ணமே இல்லாதவர்களைக் கூட்டிவந்து குறை சொல்லவைப்பது, விற்பவரின் மனதில் இருக்கும் விலையை இறக்குவதற்கு என்றே செய்யப்படுகிறது. நாற்பது வருடம் வாழ்ந்த வீட்டை நான்கு பேர் அடுத்தடுத்து வந்து மட்டம் தட்டினால் எந்த வயதானவருக்கும் நம்பிக்கை போய்விடும். அத்தைக்கும் போனது. பணத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

அந்தச் சோர்வில் இருக்கும்போதுதான் ‘நல்ல செய்தி’ வந்தது. “ஒண்ணு நாப்பத்தஞ்சுக்கு ஒரு பார்ட்டி ரெடியா இருக்காரும்மா. பைனான்ஸ் பண்றவர், பேசினா பேச்சு மாறமாட்டார். இன்னைக்கே சிட்டிங் போட்டு முடிச்சிடலாம், விட்டா போயிடும்.” ஐந்து லட்சம் அட்வான்ஸ், ஆறு மாதத் தவணை என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் தயாராகவே வந்தது. அத்தை கையெழுத்துப் போட்டார்.

ஒரு வரியில் இருக்கும் ஆபத்து

அந்த ஒப்பந்தத்தைப் பிற்பாடு எங்கள் வழக்கறிஞர் வாங்கிப் படித்தபோது ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். கிரயப் பத்திரத்தை ‘தங்கள் பேரிலோ அல்லது தாங்கள் சுட்டிக்காட்டும் நபரின் பேரிலோ’ எழுதித் தர அத்தை சம்மதிக்கிறார் என்றது அது. மேலோட்டமாகப் பார்த்தால் குற்றமில்லாத வரி. மனைவி பேரிலோ மகன் பேரிலோ வாங்க நினைப்பவருக்கு அது உதவியான வரியும்கூட. ஆனால் மேல் வைத்து விற்பவர்களின் தொழில் முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

நடப்பது இதுதான். பைனான்சியர் என்று சொல்லப்படுபவர் வீட்டை வாங்கப் போவதில்லை. அவர் ஐந்து லட்சத்தைக் கட்டி வீட்டை ஆறு மாதம் பிடித்துவைக்கிறார். அந்த ஆறு மாதத்தில் தரகர் உண்மையாகவே வாங்க நினைப்பவரைத் தேடி, ஒரு கோடியே 75 லட்சம் விலை சொல்கிறார். ஆள் கிடைத்ததும் அவர்தான் ‘சுட்டிக்காட்டும் நபர்’. பதிவு அலுவலகத்தில் அத்தை நேராக அவருக்கே கிரயம் எழுதித் தருவார். நடுவில் இருந்தவர் பேரில் சொத்து ஒருநாளும் பதிவாகாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். முறையாக வாங்கி முறையாக விற்றிருந்தால் இந்த 9 சதவிகிதத்தை இரண்டு முறை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும். இங்கே ஒரு முறைதான். ஐந்து லட்சத்தைப் போட்டு முப்பது லட்சம் எடுக்கும் வழி இது. ஒரு கோடியே 45 லட்சத்தில் இரண்டு சதவிகிதக் கமிஷன் என்றால் 2,90,000 ரூபாய். கமிஷனைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்தக் கமிஷனையும் அத்தையிடம் தனியாக வாங்குவார்கள்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு கண்ணி இருக்கிறது. உண்மையில் வாங்குபவர் வங்கிக் கடன் போடுகிறவர் என்றால், முழு விலையும் பத்திரத்தில் ஏற வேண்டும். அப்போது ஒரு கோடியே 75 லட்சமும் அத்தையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். தரகரின் ஆட்கள் அதில் முப்பது லட்சத்தைப் பணமாக எடுத்துத் தரச் சொல்வார்கள். கொடுத்துவிட்டால் கணக்குப்படி அந்த முப்பது லட்சமும் அத்தைக்கு வந்த வருமானம். அதற்கான மூலதன ஆதாய வரி அவர் தலையில்தான் விழும். 12.5 சதவிகிதம் என்று வைத்தாலே 3,75,000 ரூபாய். தன் கைக்கு வராத பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டும், அல்லது வருமான வரித்துறைக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

ரொக்கமாக வாங்குபவர் என்றால் தலைகீழாக நடக்கும். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போட்டுக்கொண்டு மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். எங்களிடமும் “அறுபது ரொக்கமா தந்துடறோம், உங்களுக்கும் டாக்ஸ் மிச்சம்” என்றுதான் பேசினார்கள். 2015 ஜூன் முதல் அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகை அபராதம். இந்த அபராதம் ரொக்கம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கிய வீட்டுக்காரருக்கு. யோசனை சொன்ன தரகரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

‘உங்க ரேட் உங்களுக்கு வந்துடுதுல்ல?’

விஷயம் வெளியே வந்தது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இளம் தம்பதி ஒன்று, பெண்ணின் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, தரகரில்லாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தரகரோடு முன்பே ஒரு முறை வெளியிலிருந்து பார்த்தவர்களாம். அந்தப் பெண் தயங்கித் தயங்கி அத்தையிடம் கேட்டார்: “ஒண்ணு எழுபத்தஞ்சு சொல்றாங்கம்மா. நாங்க லோன் போட்டுதான் வாங்கறோம். ஒரு அஞ்சு லட்சம் குறைச்சுக்கக் கூடாதா?”

அத்தைக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் எனக்கு போன் செய்தார். அன்று மாலை தரகரை வரச் சொன்னோம். அவர் மறுப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவே இல்லை. “அம்மா, நீங்க ஒத்துக்கிட்ட ரேட் ஒண்ணு நாப்பத்தஞ்சு. உங்க ரேட் உங்களுக்கு வந்துடுதுல்ல? மேல நான் என்ன வெச்சா உங்களுக்கென்ன? அது என் சாமர்த்தியம்” என்றார். தான் தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இல்லை. அவர் தொழில் கற்ற இடத்தில் அதுதான் வழக்கம். அந்த வழக்கம் தவறு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எந்த அமைப்பும் இதுவரை இருந்ததில்லை.

அவர் சொன்னது சட்டப்படி சரியல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவர் என்பவர் எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாகவே சொல்கிறது. தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல், முக்கியமான விவரத்தை மறைத்து, முகவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால் அந்த வியாபாரத்தை அமர்த்தியவர் ஏற்க மறுக்கலாம் என்கிறது பிரிவு 215. அப்படிக் கிடைத்த ஆதாயத்தை அவரிடமிருந்து கேட்டுப் பெறலாம் என்கிறது பிரிவு 216. வேலையில் முறைகேடு செய்த முகவருக்கு அந்த வேலைக்கான கூலியே கிடையாது என்கிறது பிரிவு 220. நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. அவர் உங்கள் முகவர்தான் என்பதை நிரூபிக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். வாய்ப்பேச்சில் அமர்த்திய தரகர் நீதிமன்றத்தில் நின்று, ‘நான் அந்தம்மாவின் ஆள் இல்லை, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேசியவன்’ என்று சொன்னால், மறுப்பதற்கு நம் கையில் காகிதம் வேண்டும். எங்கள் கையில் வாட்ஸ்அப் தகவல்கள் மட்டும்தான் இருந்தன.

ஒப்பந்தத்தைக் கைவிடலாம் என்று சொன்னதும் பேச்சின் தொனி மாறியது. “அக்ரிமென்ட் போட்டவர் கோர்ட்டுக்குப் போனார்னா ஆறு மாசம் இல்ல சார், ஆறு வருஷமானாலும் வீட்டை விக்க முடியாது.” வெற்று மிரட்டல் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை என்பது எங்களுக்குத் தெம்பாக இருந்தது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதியாத ஒப்பந்தம் செல்லாது என்றுதான் தெருவில் பாதிப் பேர் சொல்வார்கள். வழக்கறிஞர் எங்களைத் திருத்தினார். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை நிறைவேற்றித்தரக் கோரும் வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. 2018இல் குறித்த வகைத் துயர்தீர்ப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒப்பந்தப்படி கிரயம் செய்துகொடு என்று உத்தரவிடுவதைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இருந்த விருப்புரிமையும் பெருமளவு சுருங்கிவிட்டது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது வேறொருவருக்கு விற்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி அந்த வழக்கின் முடிவு புதிதாக வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த வங்கி கடன் தரும்? தரகருக்குச் சட்டப் பிரிவு எண் தெரிந்திருக்காது. ஆனால் அதன் பலன் என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

கடைசியில் பேசித்தான் தீர்த்தோம். அட்வான்ஸ் தொகையோடு மேலும் இரண்டு லட்சம் கொடுத்து, ரத்துப் பத்திரமும், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுத்தும் வாங்கினோம். எல்லாம் வங்கி வழியாக. அதற்குள் அந்த இளம் தம்பதி காத்திருக்க முடியாமல் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். வீடு பின்னர் ஒரு கோடியே 62 லட்சத்துக்கு வேறொரு குடும்பத்துக்குப் போனது. கோயம்புத்தூரில் தாமதத்துக்கு வட்டியும் கட்டினார் அத்தை.

பதிவு யாருக்கு, யாருக்கு இல்லை?

‘ரெரா இருக்கிறதே, அங்கே புகார் கொடுக்கக் கூடாதா?’ என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தபோது தரகர்களுக்கும் பதிவு கட்டாயம் என்று செய்தி வந்தது உண்மை. ஆனால் 9ஆவது பிரிவின் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒரு திட்டத்தில், அதன் புரமோட்டர் விற்கிற மனையையோ அடுக்குமாடி வீட்டையோ கட்டடத்தையோ விற்றுத்தரும் தரகர்தான் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மொத்தமாகச் சொத்தின் மதிப்பில் 5 சதவிகிதம் வரை அபராதம். புது அடுக்குமாடியை விற்கும் தரகருக்கு இவ்வளவு கெடுபிடி. நாற்பது வருடப் பழைய வீட்டை ஓய்வூதியக்காரருக்காக விற்றுத்தரும் தரகரைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை.

சட்டத்தின் கவனம் வாங்குபவர் மீது இருந்தது. கட்டாத கட்டடத்துக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களின் கண்ணீரிலிருந்து பிறந்த சட்டம் அது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் விற்பவரும் ஏமாற்றப்படலாம் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வீடு வைத்திருப்பவர் வசதியானவர், விவரமானவர் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. தாம்பரம், அம்பத்தூர், ஸ்ரீரங்கம், ஆர்.எஸ்.புரம் என்று எங்கே போனாலும் இன்று பழைய தனி வீட்டை விற்பவர்களில் பலர் பிள்ளைகள் தொலைவில் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள். அவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வீடு விற்கிறார்கள். எதிரே உட்காருபவர் மாதம் தவறாமல் விற்பவர்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஹரியானாவில் சொத்துத் தரகர்கள் உரிமம் பெற வேண்டும் என்று 2008இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் ரெரா ஆணையம் 2023இல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. அத்தை மகன் இருக்கும் சிங்கப்பூரில் 2010 முதல் தரகர்களுக்கென்றே ஒரு கவுன்சில் இயங்குகிறது. அங்கே வீடு விற்றுத்தர வரும் தரகரின் தொலைபேசி எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் தட்டினால் அவருடைய பதிவு தெரிந்துவிடும். ஒரே விற்பனையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்த்து ஒரே தரகர் வேலை செய்யக் கூடாது. வீட்டு விற்பனைப் பணம் தரகரின் கைவழியாகப் போகவும் கூடாது. அத்தை மகன் தன் ஊரில் இருக்கும் இந்தப் பாதுகாப்பு இங்கேயும் இருக்கும் என்று நம்பித்தான் தாயைத் தரகரிடம் பேசவிட்டார்.

நான் சந்தித்த தரகர்களில் ஒருவர், மேற்கு மாம்பலத்தில் முப்பது வருடமாகத் தொழிலில் இருப்பவர், வீட்டுக்காரர்கள் செய்வதையும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வெயிலில் பத்துப் பார்ட்டியை அழைத்துப்போய்க் காட்டிய பிறகு, விற்பவரும் வாங்குபவரும் பின்னால் கூடிப் பேசி, தரகரைக் கழற்றிவிட்டு நேராக முடித்துக்கொள்வது தினமும் நடக்கிறது. கமிஷன் தரும்போது பேசியதில் பாதியைத் தருவதும் நடக்கிறது. அவர் சொல்வது நியாயம். எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அவரும்தான் ஏமாறுகிறார். உரிமமும் எழுத்து ஒப்பந்தமும் வந்தால் முதலில் பிழைப்பவர் அவரைப் போன்ற நேர்மையான தரகர்தான். மேல் வைத்து விற்பவரோடு போட்டிபோட முடியாமல் தொழிலைவிட்டே போனவர்களையும் அவர் எனக்குச் சொன்னார்.

விற்பதற்கு முன்

வீட்டை விற்கப் போகிறவர்கள் விலையைத் தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. அதைவிடப் பயனுள்ளது வில்லங்கச் சான்று. சர்வே எண்ணைக் கொடுத்தால் கட்டணமில்லாமல் பார்க்கலாம். நம் சொத்துக்கு மட்டுமல்ல, அதே தெருவில் அக்கம்பக்கத்துச் சர்வே எண்களுக்கும் போட்டுப் பார்த்தால், அண்மையில் எந்த மனை எவ்வளவு தொகைக்குக் கைமாறியது என்று பத்திரத்தில் காட்டிய தொகை அதில் இருக்கும். உண்மை விலை அதைவிட அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அத்தை இதை முதலிலேயே பார்த்திருந்தால் ஒன்று நாற்பத்தைந்து என்ற பேச்சை அன்றே நிறுத்தியிருப்பார்.

தரகரை அமர்த்தும்போது ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் உங்கள் சார்பில் செயல்படும் முகவர், கமிஷன் இத்தனை சதவிகிதம், அது கிரயம் பதிவான அன்றுதான் தரப்படும், வாங்குபவர் சொன்ன ஒவ்வொரு விலையையும் உங்களுக்கு அப்படியே தெரிவிப்பார், வாங்குபவரோடு அவருக்கு வேறு பண உறவு இருந்தால் முன்பே சொல்வார், இந்த ஏற்பாடு மூன்று மாதத்துக்கு. இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216 பிரிவுகளுக்கு உயிர் கொடுக்க இந்த ஒரு தாள் போதும். கையெழுத்திட மறுக்கும் தரகர் உங்களுக்கு வேண்டியவர் இல்லை. முறைகேடு நடந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். கமிஷன் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை, கொடுப்பதாக உறுதி சொல்லியிருந்தாலே நீங்கள் நுகர்வோர். இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை.

ஏன் விற்கிறீர்கள், எதற்குள் பணம் வேண்டும் என்பதைத் தரகரிடமோ வீடு பார்க்க வருபவரிடமோ சொல்லாதீர்கள். அது பொய் சொல்வதாகாது, அது உங்கள் குடும்ப விஷயம். அசல் பத்திரத்தை ஒருவர் கையிலும் தராதீர்கள். ஜெராக்ஸ் கொடுத்தாலும் அதன்மேல் ‘விற்பனைப் பார்வைக்கு மட்டும்’ என்று எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள். அட்வான்ஸ் பேசும்போது வாங்குபவரை நேரில் பார்த்து, என்ன விலை சொல்லப்பட்டது என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். தரகர் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள்.

“பவர் குடுத்துடுங்கம்மா, நீங்க ரிஜிஸ்டர் ஆபீஸ் படியே ஏற வேண்டாம்” என்று சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரம் சொத்துரிமையை மாற்றாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் பெயரில் கிரயம் எழுதித் தர முடியும். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவர் என்றால் ரத்து செய்வதும் எளிதல்ல. நடமாட முடியாத நிலை என்றால் மகனுக்கோ மகளுக்கோ கொடுங்கள், தரகருக்கு வேண்டாம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா, அம்மா வீடு விற்கிறார்கள் என்றால் பதிவன்று விடுப்பு எடுத்து வருகிறீர்கள். அன்று எல்லாம் முடிந்திருக்கும். தரகர் முதல் முறை வீட்டுக்கு வரும் நாளில் வாருங்கள், அல்லது வீடியோ அழைப்பிலாவது கூட இருங்கள்.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான். புது வீடோ பழைய வீடோ, சொத்து விற்றுத்தந்து கூலி வாங்கும் எவருக்கும் பதிவு எண் வேண்டும், அந்த எண் கிரயப் பத்திரத்திலேயே இடம்பெற வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும். பத்திர எழுத்தரின் உரிம எண் பத்திரத்தில் இருக்கும்போது தரகரின் எண் இருக்க முடியாதா? முப்பது லட்சம் யாருக்குப் போகிறது என்பது அப்போது அரசுக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். அந்தச் சட்டம் வரும்வரை, வீடு விற்கிற யாரும் ‘தாங்கள் சுட்டிக்காட்டும் நபரின் பேரிலோ’ என்ற வரி இருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.